கூட யார் வந்திருக்கா?

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஆண்டாள் சன்னதிக்கு நடந்தே போய்விடலாம். வடபத்ரசாயியைப் பார்க்க மட்டும் படியேற வேண்டும். பெரிய பெருமாள் மேல்தளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். என் அம்மாச்சி அந்தப் படியேறுவதை 1981 வாக்கில் நிறுத்தினார். கீழே தூணோரம் உட்கார்ந்து, "நீங்க போய்ச் சேவிச்சிட்டு வாங்க, எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கங்க" என்று எங்களை மேலே அனுப்புவார். இறங்கி வரும்போது இரண்டு கைகளாலும் வலது முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார். அறுபது வயதுகூட ஆகவில்லை. முட்டி வலித்தால் வயசாகிவிட்டது என்று பொருள் கொண்ட காலம் அது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

வலியை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அம்மாச்சி வீட்டில் பதினோரு பேர். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் கால் நீட்டி உட்காருவார். பெரிய அத்தையோ சின்ன அத்தையோ, அன்றைக்கு யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவர்கள், அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வேப்பெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் இருக்கும். தொடையிலிருந்து கீழ்நோக்கி நீவ வேண்டும், முட்டிச் சிரட்டையை அழுத்தக் கூடாது, அதைச் சுற்றி வட்டமாகத்தான் விரல் போக வேண்டும். அம்மாச்சி கண்ணை மூடிக்கொண்டே கையைத் திருத்துவார். அது முடிந்தால் ஒத்தடம். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, தோசைக்கல்லில் சூடேற்றி, தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு முட்டியில் வைப்பார்கள். இலை கிடைக்காத நாளில் கல்லுப்பும் தவிடும். வாரம் இரண்டு நாள் முடக்கத்தான் கீரை அரைத்துக் கலந்த தோசை. முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான், அது பேச்சில் முடக்கத்தான் ஆனது என்று சின்ன மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரண்டைத் துவையல் அரைக்கும் நாளில் நாக்கு அரிக்குமென்று நாங்கள் ஓடி ஒளிவோம்.

இதனால் தேய்ந்த எலும்பு வளர்ந்ததா என்றால் இல்லை. ஆனால் சூடு தசையைத் தளர்த்தியது. தினம் அரை மணி நேரம் ஒருவர் கை அந்தக் காலில் இருந்தது. அம்மாச்சி தூங்கினார். வலிக்கிறவர்களுக்குத் தூக்கம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் பிற்பாடு அம்மாவிடம் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

வைத்தியரிடம் போகாமலும் இல்லை. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு இந்த மாவட்டம் பிரிந்தது 1985இல். ஆஸ்பத்திரி என்றால் அரசு ஆஸ்பத்திரிதான். 'ப்ரைவேட்' என்றால் பெரும்பாலும் இன்னொரு கட்டடம்கூட இல்லை, இன்னொரு நேரம். காலையில் வெளிநோயாளி வரிசையில் தலையைத் தூக்காமல் சீட்டு எழுதிய அதே டாக்டர், சாயங்காலம் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணிநேரம் போகத் தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. ஐந்தோ பத்தோ கொடுத்தால் அவரே முட்டியைத் தொட்டுப் பார்ப்பார், மடக்கி நீட்டச் சொல்வார், நாலு வார்த்தை பேசுவார். எங்கள் ஊரில் தனியார் சிகிச்சை என்ற எண்ணம் முளைத்த இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்து ஒன்றுதான், டாக்டரும் ஒருவர்தான். காசு அந்தத் தொடுதலுக்கும் அந்த நாலு வார்த்தைக்கும்.

பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் இரண்டு திக்கு. வடக்கே மதுரை, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் சொன்ன ராஜாஜி மருத்துவமனை. தெற்கே பாளையங்கோட்டை, 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி. பெரிய மாமா அம்மாச்சியைப் பாளையங்கோட்டைக்குத்தான் கூட்டிப்போனார். மில்லில் லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் சங்கரன்கோவில் வழியாகப் போய், அங்கே பத்து நாள் தங்கினார். அத்தை சமைத்துக் கட்டிக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு சின்ன மாமா நடுவில் ஒரு தடவை போய்வந்தார். சித்த மருத்துவம் வாதத்தை எண்பது வகையாகப் பிரிக்கிறது. அம்மாச்சிக்கு வந்திருப்பது அழல் கீல்வாயு என்று எழுதிக்கொடுத்தார்கள். இங்கிலீஷ் மருத்துவர் 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட நேரானது அது. திரும்பிவந்த அம்மாச்சி சொன்ன முதல் விஷயம், "உள்ள போனதும் சீட்டுக் கொடுக்கிறவன், கூட யார் வந்திருக்கான்னுதான்டி மொதல்ல கேக்கான்" என்பது. அதைப் பெருமையாகச் சொன்னார். அவருக்குக் கூட வர ஆள் இருந்தது.

பாளையங்கோட்டை மருந்து மெல்லத்தான் கேட்டது. அவசரம் வேறு ஒன்றைக் கொண்டுவந்தது. சந்தையில் ஒருவர் பொட்டலம் பொட்டலமாக ஒரு பொடி விற்றார். மூலிகை என்றார். மலையடிவாரத்து ஊர்களில் சதுரகிரி மூலிகை என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். தேனில் குழைத்துத் தின்ற மூன்றாம் நாள் அம்மாச்சி எழுந்து நடந்தார். வீடே கொண்டாடியது. ஐந்தாறு மாதத்தில் முகம் உருண்டு திரண்டு பளபளவென்று ஆனது. "பூசினாப்ல இருக்கீக, நல்லாருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். பொட்டலக்காரர் ஊரைவிட்டுப் போனதும் பொடி நின்றது. ஒரு வாரத்தில் அம்மாச்சி படுத்த படுக்கையானார். வாந்தி, மயக்கம், கூடவே பழைய வலி இரண்டு மடங்காக. அரசு ஆஸ்பத்திரியில் அந்த நிலா முகத்தைப் பார்த்த ஒரு பயிற்சி டாக்டரம்மாதான், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், திடீரென்று நிறுத்தியதால் உடம்பு தள்ளாடுகிறது என்று சொன்னார். ஸ்டீராய்டு நல்ல மருந்து. அளவோடு, தேவையானவருக்கு, தெரிந்தவர் கொடுக்கும்போது உயிரைக் காக்கும். பெயர் தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் எலும்பைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும். இன்றும் இந்தப் பொடி ஒழியவில்லை. இப்போது கூரியரில் வருகிறது. மூன்றே நாளில் எந்த மூட்டுவலியும் பறந்துவிட்டால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அம்மாச்சி அப்படித் தவித்த காலத்தில் உலகத்தில் மாற்று மூட்டு இருக்கத்தான் செய்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமாக இன்று நாம் அறியும் இடுப்பு மூட்டு மாற்றை 1962இல் நிலைநிறுத்திவிட்டார். எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கில் ஜான் இன்சால் முதலானவர்கள் முழங்காலுக்கும் நம்பத்தகுந்த மூட்டை உருவாக்கிவிட்டார்கள். எங்கள் திண்ணைக்கு அந்தச் செய்தியே வந்து சேரவில்லை. அம்மாச்சி 1994இல் இறந்தார். கடைசி ஆறு வருடம் நடமாட்டம் அறைக்குள்தான். அவரைத் தூக்கி உட்காரவைத்த கைகள் கடைசி நாள்வரை இருந்தன. நோயைப் போக்கும் வழிதான் இல்லை.

அம்மாவின் முழங்கால்கள் மில்லில் தேய்ந்தவை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் மழை மறைவுப் பிரதேசமான இந்த ஊரின் வாழ்க்கையே சங்குச் சத்தத்தைச் சுற்றி அமைந்துவிட்டது. அம்மா வேறொரு மில்லில் ரீலிங்கில் இருபத்தாறு வருடம். எட்டு மணி நேரம் நின்றபடி சிட்டம் சுற்ற வேண்டும். நடு ஷிப்ட் முடிந்து வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பார். மூட்டுத் தேய்மானத்துக்கு வயதும் பரம்பரையும் எடையும் காரணம் என்று புத்தகம் சொல்லும். நிற்பதும் குந்துவதும் பாரம் தூக்குவதுமான உழைப்பும் காரணம் என்று அதே புத்தகம் அடுத்த வரியில் சொல்லும். இந்தப் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் அந்த அடுத்த வரிதான். பால்கோவாவுக்குச் சட்டி முன் நின்று கிண்டுகிறவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறவர், தளவாய்புரத்தில் நைட்டி தைக்க மிதியில் கால் வைத்திருக்கிறவர், எல்லாரும் கால்களை நம்பித்தான் சம்பாதிக்கிறார்கள். நாட்டில் எத்தனையோ ஆபரேஷன் காயங்களைச் சத்திரப்பட்டித் துணி கட்டுகிறது. நெய்கிறவர் தன் முட்டிக்குத் தைலம் வாங்க யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மில்லில் இருந்தவரை அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. மருந்தகத்தில் வரிசையில் நின்று வாங்கிய வெள்ளை மாத்திரையை 'வலி மாத்திரை' என்ற ஒரே பெயரில் வீட்டில் வைத்திருந்தார்.

2006 வந்தது. சிக்குன்குனியா. அறுபதுகளில் சென்னையைப் பிடித்து ஆட்டிய கிருமி, எழுபதுகளுக்குப் பின் மூன்று பத்தாண்டுகள் நாட்டில் அரவமே இல்லாமல் கிடந்துவிட்டுத் திரும்பியது. தான்சானியாவின் மகோண்டே மொழியில் உடம்பு வளைந்துபோவதைக் குறிக்கும் சொல்லாம் அது. பெயருக்குப் பொருள் தெரியாமலே எங்கள் தெரு வளைந்து நடந்தது. காய்ச்சல் நாலு நாளில் விட்டது. மூட்டுவலி சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள். எல்லா வீட்டிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் படுத்ததால், யார் காலை யார் மடியில் எடுத்து வைப்பது? எங்கள் பகுதி தனியார் கிளினிக் பக்கம் கூட்டமாகத் திரும்பியதை நான் அந்த வருடத்தில்தான் பார்த்தேன். பெஞ்சில் படுத்துக்கொண்டு ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்வது, ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது எல்லாம் அப்போது பழகியவை. இன்றும் ஐம்பது தாண்டிய யாரைக் கேட்டாலும், "அந்தச் சிக்குன்குனியாவுக்கு அப்புறம்தான்" என்று கதையைத் தொடங்குவார்கள். சிலருக்கு அது உண்மை. பலருக்கு வயதும் எடையும் மில்லும் செய்த வேலைக்கு ஒரு கொசு பழி சுமக்கிறது.

அதற்குள் வீடும் காலியாகிவிட்டது. தம்பி சிங்கப்பூர் போனான். எனக்குச் சென்னையில் வேலை. பொதிகை எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினால் காலையில் ராஜபாளையம், ஆனால் இரண்டு நாளில் திரும்ப வேண்டும். அப்பா 2012இல் தவறினார். மூன்று அறை வீட்டில் அம்மாவும், ஒரு நாயும், இரண்டு முழங்கால்களும். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வருவதை மட்டும் விடவில்லை. 2017 புரட்டாசியில் ஒரு நாள் போனில் சொன்னார்: "பாப்பா, இன்னைக்கு மேல ஏறல. தூணோரமா உக்காந்துட்டேன்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மறு வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மூட்டுவலி முகாம் போட்டார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று. குதிகாலை ஒரு கருவியில் வைத்து எலும்பின் உறுதியைப் பார்த்தார்கள். எக்ஸ்ரே பாதி விலை. அம்மாவுக்கு 'கிரேடு நாலு' என்று எழுதினார்கள். படத்தில் தெரியும் தேய்மானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் முறை அது, 1957இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. படத்தின் கட்டமும் ஆளின் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாலாம் கட்டத்தோடு வயல் வேலை பார்க்கிறவரும் உண்டு, இரண்டாம் கட்டத்தில் தூக்கமில்லாமல் தவிக்கிறவரும் உண்டு. இதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே வரும்போது கையில் தேதி எழுதிய அட்டை இருந்தது. இப்படி முகாமில் நுழைகிறவர் எந்த வாசல் வழியாகப் போனாலும் ஆபரேஷன் தியேட்டரில்தான் வெளிவருவார் என்பது என் வருத்தம். எடை, தொடைத் தசை, நடக்கும் விதம், கைத்தடி, கழிவறை எல்லாவற்றையும் பேசிவிட்டுக் கடைசியாக வரவேண்டிய பேச்சு அது.

அன்று ராத்திரி நாங்கள் மூவரும் வாட்ஸ்அப்பில் பேசினோம். அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம் என்றேன். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடர்வதில் மூட்டு மாற்றுச் சிகிச்சையும் சேர்ந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கைக்காசு இல்லாமல் நடக்கிறது. அட்டையை ஏற்கும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. நான் விசாரித்த அரசு மருத்துவர் பொறுமையாகப் பேசினார், கைதேர்ந்தவர் என்று பெயர். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அம்மாகூட யார் இருப்பீங்க?"

வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க ஒரு ஆள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய் விருதுநகர் கலெக்டர் ஆபீசில் காப்பீட்டு அட்டைக்கு ஒரு ஆள். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், எக்ஸ்ரேக்கு ஒரு நாள், மயக்க டாக்டர் பார்க்க ஒரு நாள், தேதி கிடைக்கும்வரை காத்திருக்க ஒரு ஆள். வார்டில் ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுக்க ஒரு பெண் ஆள், வெளியே ஓட ஒரு ஆண் ஆள். பெரிய மாமாவும் இரண்டு அத்தைகளும் இருந்த வீட்டுக்கு இது பெரிய காரியமே இல்லை. எங்களிடம் ஒருவர்கூட இல்லை. "அக்கா, காசு நான் அனுப்புறேன், ப்ரைவேட்லயே பாத்துருவோம்" என்றான் தம்பி. அவன் குரலில் இருந்தது வசதியின் மிடுக்கு இல்லை, குற்ற உணர்வு. வர முடியாதவன் அனுப்பக்கூடியதை அனுப்பினான். ஊரில் தனியாரைத் தேர்ந்தெடுத்த எத்தனையோ குடும்பங்களோடு பிறகு பேசியிருக்கிறேன். அரசு டாக்டர் மேல் நம்பிக்கையில்லை என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோர் சொன்னது, "யார்மா அலையறது?"

2019 மார்ச்சில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடது முழங்காலை மாற்றினோம். பில்லைத் தம்பி வரி வரியாகப் படித்தான். அதில் ஒரு வரியைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஆகஸ்ட் 16இல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்சவரம்பு வைத்தது. அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய் என்று அச்சிட்டு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய். டைட்டானியம், ஆக்சினியம் வகைகளுக்கு 76,600 ரூபாய். வரி தனி. அதாவது, ஒரு லட்சத்துக்கு மேல் இடையில் எங்கெங்கோ தங்கிக்கொண்டிருந்தது. நோயாளியின் பையிலிருந்து போன பணம் அது. நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். எங்கள் பில்லில் மூட்டுக்கு ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சம். மொத்தம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மிச்சமெல்லாம் தியேட்டர், அறை, மருந்து, டாக்டர் கட்டணம். வரம்பு மூட்டுக்குத்தான், ஆபரேஷனுக்கு இல்லை. எனவே 'பேக்கேஜ்' என்று சொல்லும்போது அதில் எது எவ்வளவு என்று பிரித்துக் கேட்கலாம். மூட்டின் பெயரும் வரிசை எண்ணும் ஒட்டிய ஸ்டிக்கர் நமக்கு வர வேண்டும், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது ரோபோ என்று ஒரு தனிக் கட்டணமும் வந்திருக்கிறது. எலும்பை அளந்து வெட்டுவதில் அது துல்லியம் தருகிறது. சில வருடம் கழித்து நடக்கிறவருக்கே தெரியும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் உண்டு என்பது இன்னும் நிலைநிறுத்தப்படவில்லை. கடன் வாங்கி ரோபோவுக்குக் கொடுக்கத் தேவையில்லை என்பேன்.

அறுவை நன்றாகவே நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிறுத்தினார்கள். செவிலியர்கள் தங்கமானவர்கள். வலது கை நரம்பில் ஊசி இருந்ததால் ஒரு பெண் அம்மாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டியதை நான் மறக்க மாட்டேன். காசு கொடுத்து வாங்கிய கவனிப்பும் கவனிப்புதான். இந்த மாதிரி மூட்டுகளில் நூற்றுக்கு எண்பத்திரண்டு இருபத்தைந்து வருடம் தாங்குவதாக 2019இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. எழுபது வயதுக்காரருக்கு அது ஆயுசுக்கும் போதும். அம்மாச்சிக்குக் கிடைக்காத ஒன்று அம்மாவுக்குக் கிடைத்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் போட்ட பத்து நாள் லீவில் அது ஏழாவது நாள்.

மாற்று மூட்டு என்பது கதவுக் கீல் மாதிரி. மாட்டிவிட்டால் ஆடிவிடாது, அதை அசைக்கத் தசை வேண்டும். முதல் ஆறு வாரம் வலியோடு மடக்கி மடக்கிப் பழகாவிட்டால் மூட்டு இறுகிப்போகும். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்று சொல்வதாக வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. காரணங்கள் பல. இந்தப் பயிற்சி விட்டுப்போவது எங்கள் ஊரில் நான் கண்ணால் கண்ட காரணம். பிசியோ சென்டருக்கு ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. பணம் இருந்தது. ஆட்டோவில் ஏற்றி இறக்க ஆள்? நாலு நாள் போனார், ஐந்தாம் நாள் வாசப்படியில் தடுமாறியதோடு நின்றது. எதிர்வீட்டு அத்தை, தானும் முட்டிவலிக்காரர், தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் மடக்கு மதினி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தார். அவர் இல்லையென்றால் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரமும் விறைத்த காலாக நின்றிருக்கும்.

இந்த இடத்தில் இன்னொருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன மாமா மகள். தளவாய்புரத்தில் தையல். முப்பத்துநாலு வயதில் இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது, சீப்புப் பிடிக்க முடியாது. மூட்டுவலிதானே என்று ஆளாளுக்கு ஒரு கிளினிக் காட்டினார்கள். மூன்று வருடம், ஐந்து டாக்டர், ஒவ்வொருவரிடமும் ஊசி. ஊசி போட்ட வாரம் தைப்பாள், அடுத்த வாரம் முடங்குவாள். கடைசியில் மதுரை அரசு மருத்துவமனையின் மூட்டு, தசை நோய்ப் பிரிவில்தான் பெயர் சொன்னார்கள்: ருமட்டாய்டு, முடக்குவாதம். அம்மாவுடையது தேய்மானம், இது உடம்பின் காவல் படையே மூட்டைத் தின்னும் நோய். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் தின்னவேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும், இடையிடையே ரத்தப் பரிசோதனையும். தினமும் தின்றுவிடக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து என்று சீட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தார்கள். மாத்திரை அங்கே இலவசம். நாலு மாதத்தில் வீக்கம் வடிந்தது. அந்த மூன்று வருடத்தில் கோணிய இரண்டு விரல்கள் கோணியதுதான்.

காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாத விறைப்பு, சிறு கணுக்களில் வீக்கம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால், தைலத்திலும் ஊசியிலும் நாளைக் கழிக்காமல் ஓட வேண்டும். தனியாரா அரசா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது. என்ன நோய் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. 'மூட்டுவலி' என்ற ஒரே சொல்லில் தேய்மானமும் முடக்குவாதமும் யூரிக் அமிலம் கட்டிக்கொள்ளும் கவுட்டும் சிக்குன்குனியாவும் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அம்மாவின் வலது முழங்கால் இன்னும் பழைய முழங்கால்தான். இடது மாற்றிய ராசியில் வலதையும் மாற்றிவிடலாம் என்று தம்பி பறந்தான். அதற்குள் வேறு விளம்பரங்கள் போனில் வரத் தொடங்கின. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி முட்டியில் போடும் பி.ஆர்.பி. ஊசி, முட்டிக்குள் குழாய் விட்டுக் கழுவும் சிகிச்சை. ரத்த ஊசியை உப்புத் தண்ணீர் ஊசியோடு ஒப்பிட்டு 288 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு வருடம் கழித்தும் வலியில் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. குழாய் விட்டுக் கழுவுவதையும், தோலை மட்டும் கீறிவிட்டுச் செய்ததாகப் பாவித்த சிகிச்சையையும் அமெரிக்காவில் 180 பேரிடம் ஒப்பிட்டு 2002இலேயே முடிவு சொல்லிவிட்டார்கள். தேய்மான வலிக்கு இரண்டும் ஒரே பலன்தான். இருபது வருடத்துக்கு மேலாகியும் பல ஊர்களில் இது விலை பேசப்படுகிறது.

ராஜபாளையத்திலேயே உள்ள ஒரு எலும்பு டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். அவரும் தனியார்தான். படத்தைப் பார்த்தார், அதைக் கீழே வைத்துவிட்டு அம்மாவை நடக்கச் சொன்னார், கட்டிலில் படுக்கவைத்துத் தொடையைப் பிடித்துப் பார்த்தார். "இந்தத் தொடையில சதையே இல்லையேம்மா. மூணு மாசம் இதுக்கு வேலை குடுங்க. அஞ்சு கிலோ குறைங்க. அப்பவும் தூக்கம் வரலைன்னா வாங்க, ஆபரேஷன் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். வாங்கியது முந்நூற்றைம்பது ரூபாய். அம்மா வெளியே வந்து, "காசு வாங்கிட்டு ஒண்ணும் எழுதித் தரலயே" என்று கவலைப்பட்டார்.

பயிற்சி சொல்லித்தர மறுபடி யார் என்ற கேள்வி வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டுக்கு வருவது ஊருக்கே தெரியும். நடக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபி செய்பவரும் வீட்டுக்கு வருவார் என்பது எங்களுக்குத் தெரியாது. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் எதிர்வீட்டு அத்தைதான் கேட்டுப் பதிந்துவைத்தார். நாற்பது வருடத்துக்கு முன் கூட யார் வந்திருக்கா என்று கேட்ட அரசாங்கம், இப்போது தானே ஒரு ஆளை அனுப்பியிருந்தது. தினமும் வர அந்தப் பெண்ணால் ஆகாது. எத்தனையோ வீடுகளுக்கு அவர் ஒருத்தர்தான். வருகிற நாளில் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார்.

போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன். அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. அதைக் கீழே அழுத்த வேண்டும், தொடைத் தசை இறுக வேண்டும், பத்து எண்ணி விட வேண்டும். அந்தப் பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொடை மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். எதிர்வீட்டு அத்தை தரையில் துண்டு போட்டுத் தானும் செய்துகொண்டிருந்தார்.

"ஆறு… ஏழு… விடாதீங்கம்மா… எட்டு."

"எண்ணிக்கிட்டே ஏமாத்துறே நீ, ஏழு ரெண்டு தடவை சொன்னே" என்றார் அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பெண் கையை எடுக்கவில்லை.